கம்பெனி உங்கள் காரைத் திரும்ப அழைத்தால்... என்ன செய்வீங்க?

கார் வாங்கி ரெண்டு, மூணு வருஷம் ஆகியிருக்கும். திடீரென்று கம்பெனியிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி: "உங்கள் வாகனத்தின் ஒரு பாகத்தைப் பரிசோதிக்க வேண்டியுள்ளது. அருகிலுள்ள சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு வரவும். கட்டணம் இல்லை."

இதைப் படித்ததும் பலருக்கு முதலில் வருவது கோபம்தான். "இத்தனை லட்சம் கொடுத்து ஓட்டை வண்டியையா வாங்கினேன்?" என்று தோன்றும். சிலர், "வண்டி நல்லாத்தானே ஓடுது" என்று செய்தியை அழித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். இன்னும் சிலர், இது ஏதோ பணம் பறிக்கும் மோசடி என்று ஒதுக்கிவிடுவார்கள்.

மூன்றுமே இயல்பானவைதான். ஆனால் அந்தச் செய்தி உண்மையாக இருந்தால், அதைத் தள்ளிப்போடுவது உங்கள் உயிரோடும் உங்கள் குடும்பத்தின் உயிரோடும் விளையாடுவதாக ஆகிவிடலாம். "ரீகால்" என்று சொல்லப்படும் இந்த ஏற்பாடு என்ன, கம்பெனிகள் அதை எப்படிக் கையாளுகின்றன, நமக்குச் சட்டம் தரும் உரிமை என்ன என்பதைப் பார்ப்போம்.

ரீகால் என்றால் என்ன?

ஒரு குறிப்பிட்ட காலத்தில் தயாரான வண்டிகளில், ஒரே பாகத்தில், ஒரே மாதிரியான குறை இருக்கலாம் என்று தெரியவரும்போது, அந்த வண்டிகள் எல்லாவற்றையும் கம்பெனி திரும்ப அழைத்து, இலவசமாகப் பார்த்துச் சரிசெய்து கொடுப்பதுதான் ரீகால். வண்டியை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் சில மணி நேர வேலைதான்.

டயர் தேய்வது, பிரேக் பேட் மாற்றுவது, பேட்டரி பலவீனமாவது இதெல்லாம் ரீகாலில் வராது. அவை வண்டி ஓடுவதால் வரும் தேய்மானம். வாரண்டியும் வேறு. அது உங்கள் ஒரு வண்டிக்கு, குறிப்பிட்ட காலத்துக்குக் கம்பெனி கொடுக்கும் உத்தரவாதம். வடிவமைப்பிலோ தயாரிப்பிலோ மென்பொருளிலோ இருக்கும் குறை, சாலைப் பாதுகாப்புக்கோ சுற்றுச்சூழலுக்கோ ஆபத்து என்றால் அதற்குத்தான் ரீகால்.

நம் ஊரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்டு நிறுவனம், 2021 மே மாதத்தில் சுமார் 2.37 லட்சம் மோட்டார் சைக்கிள்களைத் திரும்ப அழைத்தது. இக்னிஷன் காயிலில் ஷார்ட் சர்க்யூட் ஏற்பட வாய்ப்பு இருப்பதை நிறுவனமே தன் வழக்கமான சோதனையில் கண்டுபிடித்தது. பாகம் மாற்ற வேண்டிய வண்டிகள் 10 சதவீதத்துக்கும் குறைவாகவே இருக்கும் என்று அது கணித்தது. ஆனாலும் எல்லா வண்டிகளையும் பார்த்துவிடுவோம் என்று முடிவெடுத்தது. எந்த வண்டியில் குறை இருக்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் சொல்ல முடியாது என்பதே காரணம்.

அதே ஆண்டு செப்டம்பரில் மாருதி சுசூகி, 1,81,754 பெட்ரோல் கார்களை ஒரு மின் பாகத்தைப் பரிசோதிக்க அழைத்தது. எண்ணிக்கையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஆனால் அதற்காக மக்கள் அந்தக் கம்பெனியைக் கைவிட்டுவிடவில்லை. இன்றும் நாட்டில் அதிகக் கார் விற்கும் நிறுவனம் அதுதான்.

நம்பிக்கை எங்கே வளர்கிறது, எங்கே உடைகிறது?

குறை இல்லாத வண்டியையே தயாரிக்கும் கம்பெனி உலகத்தில் எங்குமே கிடையாது. ஒரு காரில் ஆயிரக்கணக்கான பாகங்கள் இருக்கின்றன. அவற்றில் பல, வெவ்வேறு தொழிற்சாலைகளிலிருந்து வருபவை. குறை தெரிந்த பிறகு கம்பெனி என்ன செய்கிறது என்பதை வைத்துத்தான் வாடிக்கையாளர் முடிவெடுக்கிறார். ஜப்பானிய நிறுவனங்கள் இரண்டின் கதை இதை நன்றாகக் காட்டும்.

டொயோட்டா நிறுவனம் 1989-ல் அமெரிக்காவில் லெக்சஸ் என்ற புதிய பெயரில் சொகுசுக் கார்களை விற்கத் தொடங்கியது. சில மாதங்களுக்குள்ளேயே, அந்த டிசம்பரில், பிரேக் விளக்கு, வயரிங் இணைப்பு, வேகத்தைத் தானாகப் பராமரிக்கும் க்ரூஸ் கன்ட்ரோல் ஆகியவற்றில் சிக்கல் தெரியவந்தது. விற்றிருந்த சுமார் 8,000 கார்களையும் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது. புதுப் பெயருக்கு அப்போதே மூடுவிழா என்று நினைக்கத் தோன்றும்.

அவர்கள் என்ன செய்தார்கள்? ஒவ்வொரு வாடிக்கையாளரையும் நேரடியாகத் தொடர்பு கொண்டார்கள். டீலர் தூரமாக இருந்த இடங்களுக்கு மெக்கானிக்கை வீட்டுக்கே அனுப்பினார்கள். சரிசெய்த காரைக் கழுவி, பெட்ரோல் நிரப்பித் திருப்பிக் கொடுத்தார்கள். மூன்று வாரங்களுக்குள் வேலை முடிந்தது. 1991-ல் அமெரிக்காவில் அதிகம் விற்ற வெளிநாட்டுச் சொகுசுக் கார் லெக்சஸ்தான்.

அடுத்தது மிட்சுபிஷி மோட்டார்ஸ். 2000-ம் ஆண்டு ஜப்பான் போக்குவரத்து அமைச்சக அதிகாரிகள் நடத்திய சோதனையில், வாடிக்கையாளர்களின் புகார்க் கடிதங்களை லாக்கர் அறையில் மறைத்து வைத்திருந்தது வெளியே வந்தது. ஒன்றிரண்டு வருஷம் அல்ல, 20 ஆண்டுகளுக்கும் மேலாக இது நடந்திருக்கிறது. அரசுக்குக் காட்டும் புகார்கள் தனி, மறைக்கும் புகார்கள் தனி. ரீகால் அறிவித்தால் பெயர் கெடும் என்று, வண்டி சர்வீஸுக்கு வரும்போது சத்தமில்லாமல் பாகத்தை மாற்றிவிடுவது வழக்கமாக இருந்தது. சர்வீஸுக்கு வராத வண்டி அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

மாட்டிக்கொண்ட பிறகாவது முழுவதையும் சொன்னார்களா என்றால், இல்லை. 2002 ஜனவரியில் யோகோஹாமா நகரில், ஓடிக்கொண்டிருந்த மிட்சுபிஷி லாரியிலிருந்து சக்கரம் கழன்று உருண்டு, நடைபாதையில் போய்க்கொண்டிருந்த ஒரு தாயின் மீது மோதியது. அவர் இறந்தார். அவருடைய இரண்டு குழந்தைகள் காயமடைந்தார்கள். லாரியைச் சரியாகப் பராமரிக்கவில்லை என்று கம்பெனி அப்போது சொன்னது. சக்கரத்தைத் தாங்கும் ஹப்பின் வடிவமைப்பிலேயே குறை இருந்ததை 2004-ல்தான் ஒப்புக்கொண்டது. அதன்பின் ஜப்பானில் அதன் விற்பனை கடுமையாகச் சரிந்தது. பெரிய பங்குதாரராக இருந்த ஜெர்மானிய நிறுவனம் மேற்கொண்டு பணம் போட மறுத்துவிட்டது. மிட்சுபிஷி குழுமத்தின் மற்ற நிறுவனங்கள் கைகொடுத்துத்தான் அது பிழைத்தது.

ஒருமுறை நல்ல பெயர் வாங்கிவிட்டால் போதும் என்பதும் கிடையாது. லெக்சஸ் விஷயத்தில் அவ்வளவு நேர்மையாக நடந்துகொண்ட அதே டொயோட்டா, பிற்காலத்தில் ஆக்ஸிலரேட்டர் பெடல் சிக்கிக்கொள்ளும் பிரச்சினையில் மக்களுக்கு முழுத் தகவலைச் சொல்லவில்லை என்று குற்றம் சாட்டப்பட்டு, 2014-ல் அமெரிக்க அரசுக்கு 120 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

"வண்டி நல்லாத்தானே ஓடுது?"

இது நியாயமான கேள்விதான். ஆனால் சில குறைகள் விபத்து நடக்கும் நொடி வரை தெரியவே தெரியாது.

டகாட்டா ஏர்பேக் விவகாரம் அப்படிப்பட்டது. ஜப்பானைச் சேர்ந்த டகாட்டா நிறுவனம் பல கார் கம்பெனிகளுக்கு ஏர்பேக் தயாரித்துக் கொடுத்தது. மோதல் நடந்ததும் ஏர்பேக்கை ஊத வைக்கும் ரசாயனமாக அமோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தியது. ஆண்டுக்கணக்கில் வெப்பமும் ஈரப்பதமும் பட்டால் அந்த ரசாயனம் தன்மை மாறிவிடுகிறது. பிறகு ஒரு சின்ன மோதலில்கூட அளவுக்கு மீறி வெடித்து, உலோகக் கூட்டையே உடைத்து, துண்டுகளை ஓட்டுநரின் முகத்திலும் கழுத்திலும் பாய்ச்சுகிறது. உயிரைக் காப்பாற்ற வேண்டிய பொருளே உயிரை எடுத்தது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி ஏர்பேக் பாகங்கள் ரீகாலுக்கு உள்ளாயின. நம்மைப் போலவே வெப்பமும் ஈரப்பதமும் கூடிய மலேசியாவிலும் உயிரிழப்புகள் நடந்தன. இந்தியாவிலும் பல கம்பெனிகள் இந்தப் பாகத்துக்காகக் கார்களைத் திரும்ப அழைத்தன. டகாட்டா 2017-ல் திவாலானது.

இந்தக் குறை உள்ள கார் ஆறேழு வருஷம் ஒரு சத்தமும் இல்லாமல் ஓடும். மெக்கானிக் பார்த்தாலும் தெரியாது. கார் பழசாக ஆகத்தான் ஆபத்து கூடும்.

இன்னொன்று, அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ். சாவி போடும் இக்னிஷன் சுவிட்ச், ஓடும்போதே தானாக "ஆஃப்" நிலைக்கு நழுவிவிடும். இன்ஜின் நிற்கும், ஏர்பேக்கும் வேலை செய்யாது. சரிசெய்ய ஆகும் செலவு ஒரு வண்டிக்கு மிகச் சொற்பம். கம்பெனிக்குள் சிலருக்கு இது பல ஆண்டுகளாகவே தெரிந்திருந்தும், 2014-ல்தான் ரீகால் தொடங்கியது. 124 பேர் இறந்ததற்கு அந்தச் சுவிட்ச்தான் காரணம் என்று கம்பெனி அமைத்த இழப்பீட்டு நிதியே ஏற்றுக்கொண்டது.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் 2012 முதல் வாகன உற்பத்தியாளர் சங்கத்தின் விதிமுறைப்படி கம்பெனிகள் தாமாக முன்வந்து ரீகால் செய்துவந்தன. கட்டாயம் இல்லை. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டு, 110ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. சுருக்கமாகப் பார்ப்போம்:

• ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு இந்த விதிகள் பொருந்தும். கார் மட்டுமல்ல, இருசக்கர வாகனம், ஆட்டோ, பஸ், லாரிக்கும் உண்டு.

• ஒரு மாடலைப் பற்றிக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் புகார் வந்தால், மத்திய அரசு கட்டாய ரீகாலுக்கு உத்தரவிடலாம். ஆண்டுக்கு 10,000-க்கு மேல் விற்கும் கார் மாடல் என்றால் அந்த எண்ணிக்கை 1,250. குறைவாக விற்கும் மாடல்களுக்கு இது குறையும்.

• அப்படி உத்தரவு வந்தால் கம்பெனிக்கு 10 லட்சம் ரூபாய் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். வண்டியைச் சரிசெய்து தருவது, மாற்றித் தருவது, பணத்தைத் திருப்பித் தருவது ஆகிய தீர்வுகளைச் சட்டம் சொல்கிறது.

• கம்பெனி தானாகவே குறையைக் கண்டுபிடித்து, அரசிடம் தெரிவித்து, ரீகாலைத் தொடங்கினால் இந்த அபராதம் கிடையாது.

கடைசி விதியைக் கொஞ்சம் கவனியுங்க. தப்பை ஒப்புக்கொள்பவரைத் தண்டித்தால், அடுத்தவர் மறைக்கத்தான் பார்ப்பார். மறைத்தால் தண்டனை, சொன்னால் விலக்கு என்று சட்டம் வைத்திருப்பது அதனால்தான். நாமும் அதே கண்ணோட்டத்தில் பார்க்கலாம். ரீகால் அறிவித்த கம்பெனியைக் கேலி செய்து ஒதுக்கினால், குறையை வெளியே சொல்லாமல் இருப்பதே லாபம் என்று மற்ற கம்பெனிகளுக்கு நாமே பாடம் எடுப்பதுபோல ஆகிவிடும்.

செய்தி யாருக்குப் போகிறது?

பலர் யோசிக்காத விஷயம் இது. கம்பெனியிடம் இருப்பது முதலில் வாங்கியவரின் முகவரியும் கைபேசி எண்ணும்தான். நீங்கள் அந்தக் காரை இரண்டாவது கையாகவோ மூன்றாவது கையாகவோ வாங்கியிருந்தால்? கடிதம் பழைய உரிமையாளர் வீட்டுக்குப் போகும். "அந்த வண்டியைத்தான் வித்தாச்சே" என்று அவர் கிழித்துப் போட்டுவிடுவார். குறையுள்ள வண்டியை ஓட்டிக்கொண்டிருப்பது நீங்கள். பல நாடுகளில் டகாட்டா ஏர்பேக் மாற்றப்படாமலே நிறைய கார்கள் ஓடியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே ஆர்.சி. பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீங்க. மாநிலத்துக்குள் விற்கும்போது, விற்பவர் 14 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்குபவர் 30 நாட்களுக்குள் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இதற்குப் படிவம் 29, படிவம் 30 தேவை. பரிவாகன் இணையதளத்தில் விண்ணப்பத்தைத் தொடங்கலாம். உங்கள் கைபேசி எண்ணையும் அதே தளத்தில் புதுப்பிக்க முடியும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. சேசிஸ் எண்ணை எடுத்து வைத்துக்கொள்ளுங்க. ஆர்.சி.யில் இருக்கும். பெரும்பாலும் எழுத்தும் எண்ணுமாக 17 இடங்கள் கொண்டது. அந்த எண்ணைக் கம்பெனியின் அதிகாரபூர்வ இணையதளத்தில் ரீகால் பகுதியில் போட்டால், உங்கள் வண்டி பட்டியலில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். செய்தி வரும் வரை காத்திருக்க வேண்டாம். ஆண்டுக்கு இரண்டு முறை பாருங்கள்.

2. வந்த செய்தி உண்மையா என்று சரிபாருங்க. அதில் உள்ள இணைப்பைத் தொடாமல், கம்பெனி தளத்திலோ டீலரிடமோ நேரடியாகக் கேளுங்கள். ரீகாலுக்கு யாரும் முன்பணம் கேட்க மாட்டார்கள், ஓ.டி.பி. கேட்க மாட்டார்கள். கேட்டால் அது மோசடி.

3. "ஓட்ட வேண்டாம்" என்று சொல்லியிருந்தால், ஓட்டாதீங்க. 2023 ஜனவரியில் மாருதி சுசூகி 17,362 கார்களில் ஏர்பேக் கட்டுப்பாட்டுக் கருவியை மாற்ற அழைத்தபோது, மாற்றும் வரை வண்டியை ஓட்ட வேண்டாம் என்றே கேட்டுக்கொண்டது. அந்த மாதிரி நேரத்தில் சர்வீஸ் சென்டரே வந்து எடுத்துப்போக ஏற்பாடு உண்டா என்று கேளுங்கள்.

4. ஜாப் கார்டில் எழுத வையுங்கள். எந்தப் பாகம் பார்க்கப்பட்டது, மாற்றப்பட்டதா, என்ன தேதி என்பது அதில் இருக்க வேண்டும். "எல்லாம் பார்த்தாச்சு சார், நல்லா இருக்கு" என்ற வாய்வார்த்தை பின்னால் உதவாது.

5. ரீகால் வேலைக்குப் பணம் கொடுக்க வேண்டாம். கூடவே ஆயில் மாற்றம், வாட்டர் வாஷ் என்று பில் போட்டால், நீங்கள் கேட்டவை மட்டும்தானா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

6. பழைய கார் வாங்குமுன் இதைக் கேளுங்க. இன்சூரன்ஸ் பார்ப்பது போல, நிலுவையில் ரீகால் இருக்கிறதா என்பதையும் சேசிஸ் எண்ணை வைத்துச் சரிபாருங்கள். இரண்டாவது உரிமையாளர் என்று சொல்லி ரீகால் வேலையை மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள்.

கம்பெனி குறையை ஒத்துக்கொள்ளவில்லையா?

ஒரே பாகம் திரும்பத் திரும்பப் பழுதாகிறது, ஓடும்போது இன்ஜின் நிற்கிறது, பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. சர்வீஸ் சென்டரில் கேட்டால், "நீங்க ஓட்டுற விதம் சரியில்லை" என்கிறார்கள். என்ன செய்வது?

முதலில் எல்லாவற்றையும் எழுத்தில் கொடுங்கள். தேதி, ஓடிய கிலோமீட்டர், என்ன நடந்தது என்று டீலருக்கும் கம்பெனிக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். ஒவ்வொரு ஜாப் கார்டையும் பத்திரமாக வையுங்கள்.

அடுத்து, பாதுகாப்பு சம்பந்தப்பட்ட குறை என்றால், மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் வாகன் தளத்தில் ரீகால் புகார் பதிவு செய்யுங்கள். உங்கள் ஒரு புகாரால் என்ன ஆகும் என்று நினைக்க வேண்டாம். அந்த 1,250 என்ற எண்ணிக்கை ஒவ்வொருவர் புகாராகச் சேர்ந்துதான் எட்டப்படும். ஷோரூம் வாசலில் போட்ட சண்டை அந்தக் கணக்கில் வராது.

மூன்றாவது, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். பல பிரச்சினைகள் வழக்குக்குப் போகாமல் இங்கேயே பேசித் தீர்க்கப்படுகின்றன.

அதிலும் தீராவிட்டால் நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம். அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கம்பெனியின் தலைமை அலுவலகம் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் அங்கே போக வேண்டியதில்லை. கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதீங்க.

குறையுள்ள வண்டியால் உடலுக்கோ, உயிருக்கோ, வேறு உடைமைக்கோ பாதிப்பு ஏற்பட்டிருந்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் "பொருள் பொறுப்பு" பிரிவுகளின் கீழ் தயாரிப்பாளரிடமே இழப்பீடு கேட்கலாம். இந்தப் பிரிவுகள் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ளன.

அடுத்த கார் வாங்கும்போது...

விலை, மைலேஜ், கலர் எல்லாம் பார்ப்போம். கூடவே இன்னொன்றையும் பாருங்க. அந்தக் கம்பெனி இதற்கு முன் ரீகால் செய்தபோது எப்படி நடந்துகொண்டது? தானாக அறிவித்ததா, அரசோ நீதிமன்றமோ சொன்ன பிறகு செய்ததா? சேசிஸ் எண்ணைப் போட்டுப் பார்க்கும் வசதி அதன் தளத்தில் எளிதாகக் கிடைக்கிறதா? பாகம் கையிருப்பில் இருந்ததா, மாதக்கணக்கில் காக்க வைத்தார்களா? அக்கம்பக்கத்தில் அந்த வண்டி வைத்திருப்பவர்களிடம் விசாரித்தால் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

அதற்கு முன், இன்றைக்கே ஒரு வேலை. உங்கள் ஆர்.சி.யை எடுத்து, அதில் இருப்பது உங்கள் பெயர்தானா, பதிவில் உள்ள கைபேசி எண் இப்போது பயன்பாட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சேசிஸ் எண்ணைக் கம்பெனி தளத்தில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். வீட்டில் அப்பாவோ தம்பியோ ஓட்டும் பைக்குக்கும் சேர்த்தே பார்த்துவிடலாம்.